கிராமத்துப் பெண்ணாக நான் வேலை பார்த்தது

இந்த வாரத்தோடு நான் பணி ஓய்வு பெறுகிறேன். எனக்கு வயது இருபத்தைந்து. சிரிக்க வேண்டாம். இந்தப் பயிற்சி இல்லத்தில் ஆரம்பம் முதல் இன்றுவரை தாக்குப்பிடித்தவை மூன்றே மூன்று: வாசலில் நிற்கும் ரம்புத்தான் மரம், இயக்குநர், நான். மரம் காய்ப்பதை நிறுத்திவிட்டது. இயக்குநர் பேசுவதை இன்னும் நிறுத்தவில்லை. நான் கப்பல் ஏறுகிறேன்.

திங்கட்கிழமை முதல் இங்கே பயிற்றுநர்களாக உட்காரப்போகிற உங்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். பாடத்திட்டம் அலமாரியில் இருக்கிறது. அதைப் படித்தால் நல்ல தூக்கம் வரும். வேலை தெரிய வேண்டுமென்றால் இதைப் படியுங்கள்.

முதலில் இந்த இடம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சேர்ந்து ஆறு மாதம் வரை எனக்கே யாரும் சொல்லவில்லை. பணக்கார நாடுகளில் படித்து முடித்த இளைஞர்கள் ஏழை நாடுகளுக்குப் போய்த் தொண்டு செய்ய விரும்புகிறார்கள். சரவாக் ஆற்றங்கரைகள், அதற்கு அப்பாலும் எங்கெங்கோ. அங்கே போவதற்கு முன் அவர்களை மலாக்காவில் இறக்கி, மலாய் பேசவும், கையால் சாப்பிடவும், குந்தி உட்காரவும், மக்களின் மனத்தை மாற்றவும் கற்றுக்கொடுக்கிறோம். மற்றதெல்லாம் எளிது. குந்தி உட்காருவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

மலாக்காவிலும் இந்தக் காஜா பெராங்கில் ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பங்களாவுக்குப் பின்னால் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், கோழி கூவும், முன்னால் சடக்கில் பஸ் போகும். கோழிக்காகத் தலைமையகம் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. பஸ்ஸுக்காக எல்லோரும் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

நான் இங்கே பயிற்றுநராக வரவில்லை. தொண்டராகத்தான் வந்தேன். மெர்டேக்கா கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாட்டுக்கு விடுதலை கிடைத்ததும் எனக்கும் கிடைத்துவிட்டதாக ஓர் எண்ணம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் சீவியவர்கள். அப்பா போன பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில் தலைமுறைகளாக மலாய் பேசும் ஒரு மலாக்காச் செட்டி குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்து, காப்பிக் கடைகளுக்கு இடியாப்பம் அவித்துப் போட்டு என்னைப் படிக்க வைத்தார். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறினேன். சும்மா இல்லை, நன்றாகவே தேறினேன். அப்போதுதான் 'படித்த இளைஞர்கள் கடல்கடந்து தொண்டாற்ற வாரீர்' என்று செய்தித்தாளில் பார்த்தேன். படித்தவள்தான், இளையவள்தான், கடலும் பக்கத்தில்தான் இருக்கிறது. விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தில் இயக்குநர் என்னை மிகவும் பாராட்டினார். பிறகு சொன்னார்: "உங்களிடம் ஒரே ஒரு சிக்கல். நாங்கள் எந்த மாதிரி இடங்களுக்கு ஆட்களை அனுப்புகிறோமோ, அந்த மாதிரி இடத்திலிருந்து நீங்கள் வருகிறீர்கள்."

"அது நல்லதுதானே சார்?"

"மிக நல்லது. அதனால்தான் உங்களை அனுப்ப முடியாது. இங்கேயே வேண்டும்."

பயிற்சிக்காக ஒரு பொய்க் கிராமம் இருந்தது: பங்களாவின் கொல்லையில் ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசை. அதில் ஒரு கிராமத்துப் பெண் தேவைப்பட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், பிடிவாதக்காரி, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பவள். தொண்டர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் மனத்தை மாற்ற வேண்டும். கொஞ்ச காலம் இதைச் செய்தால் உங்கள் பெயரைத் தலைமையகத்துக்குச் சிபாரிசு செய்வேன் என்றார் இயக்குநர். அந்தச் சிபாரிசுக்காக, சீனியர் தேறிய நான் எழுத்து தெரியாதவளாகப் பாயில் உட்கார்ந்தேன். தோழியர் ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் ஆனார்கள். அவர்கள் கேட்டால், "மக்கள் மன மாற்றத் துறையில் இருக்கிறேன்" என்பேன். பொய் இல்லையே.

நடிப்பிலும் நான் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவள். அங்கேதான் சிக்கல் வந்தது.

ஒருவன் வந்து, "அம்மா, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது" என்றால், "விறகு யாரு வெட்டிக் கொடுப்பா?" என்று கேட்பேன். அவனுடைய பாடத்தில் விறகு கிடையாது. இன்னொருத்தி வந்து கிருமி பற்றிச் சொன்னால், "எங்க மாமியார் பச்சைத் தண்ணி குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தாங்க, உங்க மாமியார் எப்படி?" என்பேன். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. திரும்பிப் போய்விடுவாள். ஒரு வாரம் முழுக்க ஒருவராலும் என் மனத்தை மாற்ற முடியவில்லை.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "மிஸ் மீனாட்சி, நீங்கள் நாலரை மணிக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்."

"ஏன் சார்?"

"நாலரைக்குத் தேநீர்."

"சரவாக்கிலும் நாலரைக்குத் தேநீர் உண்டா சார்?"

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து நாலு இருபத்தைந்துக்கு என் மனம் மாறத் தொடங்கும். தொண்டர்கள் தேர்ச்சி பெற்றார்கள். கிராமங்களுக்குப் போனார்கள். அங்கே நாலரை மணிக்கு என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்கு எழுதவில்லை. புதியவர்களே, உங்களையும் ஒருநாள் சீக்கிரம் ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தேநீர் ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

மூன்று வருடம் போனது. சிபாரிசு கேட்கப் போகும்போதெல்லாம், "உங்களை விட்டால் கிராமத்துக்கு எங்கே போவேன்?" என்பார் இயக்குநர். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எனக்கு இதைவிடப் பெரிய சாபமும் கிடையாது.

இந்த நிலைமையில்தான் டேவிட் வந்தான். நெடுநெடுவென்று உயரம், குடிசைக்குள் நுழையும்போதெல்லாம் நிலையில் தலை இடிக்கும். சரவாக்கில் ஓர் ஆற்றங்கரைக்குப் போக வேண்டியவன், கப்பலில் இடமும் போட்டாயிற்று. என் விறகுக் கேள்வியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தான். மிஸ் மீனாட்சி கிராமத்துப் பெண்ணைவிட வக்கீல் மாதிரி பேசுகிறார், உண்மையான கிராமத்துப் பெண்ணாக இருந்தால் இவன் தேறுவான் என்று இயக்குநருக்கு ஒரு யோசனை.

"உங்கள் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர்தானே?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சுட்டது. "ஆமாம்" என்றேன்.

"பிரமாதம்!"

அம்மாவிடம் சொன்னேன். "துரை வீட்டுல நாடகம்னா நான் வர்றேன்" என்றார். சொன்னபடியே, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் அரக்குப் பட்டுச்சேலை, கழுத்தில் அட்டியல், தலையில் மல்லிகைச் சரம், கையில் இடியாப்பத் தூக்குடன் மதியம் வந்து இறங்கினார். இயக்குநர் திகைத்துப்போனார். பழைய சேலை ஏதாவது கட்டிக்கொள்ளச் சொல்லும்படி என்னிடம் காதோடு சொன்னார். அம்மாவின் காது கூர்மையானது.

"வேத்து மனுசங்க முன்னாடி கந்தலக் கட்டிக்கிட்டு உக்கார நான் என்ன பிச்சைக்காரியா? உங்க ஊர்ல விருந்தாளி வந்தா கந்தலத்தான் எடுத்துக் கட்டுவாங்களா துரை?"

(பேச்செல்லாம் மலாயில் நடந்தது. அம்மா வீட்டுக்காரம்மாவோடு வேலிக்கு வேலி பேசியே மலாய் கற்றவர். எந்த மொழி பேசினாலும் தமிழில் பேசுவது போலத்தான் இருக்கும். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.)

பட்டுச்சேலையோடு கிராமத்துப் பெண் பாயில் உட்கார்ந்தார். டேவிட் வந்தான். தலை இடித்தது. வணக்கம் சொன்னான். அம்மா உடனே கிளாஸில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். இங்கேதான் நம் பாடத்திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இருக்கிறது. மரியாதைப் பாடம் எடுப்பவர், கொடுத்ததை மறுக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த அறையில் சுகாதாரப் பாடம் எடுக்கும் அம்மையார், கொதித்ததா என்று கேட்காமல் ஒரு சொட்டும் குடிக்காதே என்கிறார். இரண்டு பாடத்திலும் தேறியவன் என்ன செய்வான்? டேவிட் கிளாஸை வாங்கிக்கொண்டு பணிவாகக் கேட்டான்:

"அம்மா, இது கொதிக்க வைத்த தண்ணீரா?"

அம்மா என்னைப் பார்த்தார். அவருடைய தொழிலே தண்ணீரைக் கொதிக்க வைப்பதுதான். விடியற்காலையிலிருந்து அந்த ஆவியில்தான் நிற்கிறார். நான் படித்த படிப்பு முழுவதும் அந்த ஆவியில் வெந்தது.

"ஏண்டி, என்னைய அசுத்தக்காரின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தியா?"

"இல்லம்மா, அது பாடம்..."

"நான் கொதிக்க வெச்சுத்தாம்பா குடிக்கிறேன்" என்றார் டேவிட்டிடம். அதோடு பாடம் முடிந்துவிட்டது. மாற்ற வேண்டிய மனம் அங்கே இல்லை. சன்னலுக்கு வெளியே நின்ற இயக்குநர், 'இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள்' என்று எனக்குச் சைகை காட்டினார். நான் பார்க்காதது போல இருந்தேன். டேவிட் விடவில்லை. கையில் இருந்த படத்தை விரித்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நடுவில் ஆவி பறக்கும் கெண்டி, எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அம்மா நெருங்கிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள கால்ல சப்பாத்து போட்டிருக்காங்க. இவங்களுக்குத் தண்ணி கொதிச்சா என்ன, கொதிக்காட்டி என்ன?" பிறகு படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தூக்கைத் திறந்தார். "பசியாறியாச்சா தம்பி?"

இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவிக் கொடுத்தார். அவன் சாப்பிட்டான். அம்மா கேட்க ஆரம்பித்தார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. அப்பா என்ன வேலை? போன வருடம் இறந்துவிட்டார்.

"அப்ப அம்மாகூட யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

"நீ இங்க வர்றப்ப என்ன சொன்னாங்க?"

"போய் வா என்றார்கள். பிறகு அழுதார்கள்."

"நீ எதுக்கு வந்த?"

"உதவி செய்ய."

"யாருக்கு?"

டேவிட் வாயில் இருந்த இடியாப்பத்தை மென்று விழுங்கினான். பிறகு அந்த நெடிய ஆள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அம்மா அவன் தட்டில் இன்னொரு இடியாப்பம் வைத்தார். நாலரை மணியாயிற்று. தேநீருக்கு யாரும் போகவில்லை.

மறுநாள் அவன் ஊருக்குத் திரும்பிப் போவதாக இயக்குநரிடம் சொல்லிவிட்டான்.

"உங்கள் தாயார் ஒரு தொண்டரையே கெடுத்துவிட்டார்!" என்று இயக்குநர் என் மேல் பாய்ந்தார். வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "நான் எங்க போகச் சொன்னேன்? ரெண்டு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். உங்க துரை இத்தன மாசமா அந்தப் பிள்ளகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலயா?"

ஆனால் கவனியுங்கள். கப்பலில் ஓர் இடம் காலியாகிவிட்டது. அனுப்புகிறேன் என்று சொன்ன எண்ணிக்கையில் ஆள் குறைந்தால் தலைமையகம் சும்மா இருக்காது. இயக்குநர் அறையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். நான் கதவில் நின்றேன்.

"நான் போகிறேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே குடிசையைப் பார்த்தார். "கிராமத்துக்கு...?"

"கிராமம் எங்கேயும் ஓடிவிடாது சார். கப்பல் ஓடிவிடும்."

ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: திருமணமாகாத பெண் என்பதால் தாயாரின் சம்மதம் வேண்டும், அதையும் அவரே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருடமாக நான் கேட்ட சிபாரிசு, இப்போது ஒரு பின்கட்டு வரை வந்து நின்றது. 'பெத்தவள விட்டுட்டு எதுக்கு வந்த' என்று ஒரு பையனை அழ வைத்தனுப்பிய அதே அம்மாவின் கையில்.

நான்தான் முதலில் பேசிப் பார்த்தேன். இந்த இல்லத்தில் சொல்லித்தரும் முறைப்படியே: முதலில் நலம் விசாரி, பிறகு பாராட்டு, பிறகு நன்மையை எடுத்துச் சொல். "அம்மா, இன்னைக்கு இடியாப்பம் பூ மாதிரி இருந்துச்சு" என்றேன்.

"என்ன வேணும்?" என்றார் அம்மா.

அந்த முறை அங்கேயே தீர்ந்துபோனது.

ஆகவே இயக்குநரே வந்தார். மனித மனத்தை மாற்றுவது எப்படி என்று எத்தனையோ அணிகளுக்கு வகுப்பெடுத்தவர், உண்மையான ஒரு மனத்தின் முன்னால் உட்கார்ந்தது அன்றுதான். பாடத்தில் உள்ளபடி சப்பாத்தை வாசலில் கழற்றினார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "கவனிக்க ஆள் இல்ல போல" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்துவிட்டுக் கோப்பி கொண்டுவந்தார். இயக்குநர் வரைபடம் காட்டினார், சரவாக்கின் தேவைகளைச் சொன்னார், என் திறமைகளைச் சொன்னார். அவ்வளவு திறமை எனக்கு இருப்பது மூன்று வருடத்தில் அன்றுதான் எனக்கே தெரிந்தது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே பயமாக இருந்தது.

"எல்லாம் சரி துரை. ஒண்ணே ஒண்ணு. அந்த ஊர்ல யாரு கேட்டாங்க?"

"எதை?"

"என் மகள. பொண்ணு வேணும்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதானே கேட்டு வரணும்? நீங்க நடுவுல இருக்கிற ஆளு. நடுவுல இருக்கிறவரு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவரு பேச்ச மட்டும் நம்பி யாராவது பொண்ண அனுப்புவாங்களா?"

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்ல வருகிறார்?"

"உங்களைக் கல்யாணத் தரகர் என்கிறார் சார்."

அவர் முகம் அம்மாவின் சேலை நிறத்துக்கு வந்தது. "தலைமையகம்தான் கேட்டது" என்றார்.

"தலைமையகம் எந்த ஆத்தங்கரையில இருக்கு?"

இயக்குநர் வரைபடத்தைச் சுருட்டினார். கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று அம்மாவோடு நான் போட்ட சண்டை இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். "எத்தனை வருசம் காத்திருந்தேன் தெரியுமா? கந்தல் பாயில உக்காந்து தற்குறி மாதிரி நடிச்சேன். வந்த இடத்தையும் நீ விரட்டுற. என்னைய எதுக்குப் படிக்க வெச்ச? இங்கேயே உக்காந்து இடியாப்பம் பிழியவா?"

அம்மா இடியாப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீ போறதுக்குத்தான் படிக்க வெச்சேன். கூப்பிடாத வீட்டுக்குப் போறதுக்கு இல்ல."

சீனியரில் எனக்கு வந்த எந்தக் கேள்விக்கும் நான் பதில் தெரியாமல் உட்கார்ந்ததில்லை. இதற்கு உட்கார்ந்தேன். உண்மையில் அந்த ஊரில் யார் கேட்டார்கள்? மூன்று வருடத்தில் எத்தனை பேரைத் தேறவைத்து அனுப்பினோம். எந்த ஊர் யாரைக் கேட்டது என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

இயக்குநரைப் பற்றி நான் எவ்வளவோ கிண்டல் செய்துவிட்டேன். இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி அவரையும் விடவில்லை. கப்பலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் காரை எடுத்துக்கொண்டு மலாக்கா முழுக்க, சரவாக்கிலிருந்து வந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து அலைந்தார். பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பிடித்தார். பெயர் லந்திங். டேவிட் போகவிருந்த அதே ஆறு. அவர் ஊர் அடுத்த வளைவில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் வந்தார்கள். லந்திங் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். பெண் கேட்டு வருகிறவர்கள் பழத்தோடு வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மாவின் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மாப்பிள்ளை கொஞ்சம் குட்டை, ஆனா பரவாயில்ல லா" என்றார். நான் உள்ளே போய்த் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீங்க கூப்பிட்டீங்களா தம்பி?" என்று அம்மா நேராகக் கேட்டார்.

"கூப்பிட்டோம் மக்சிக்," என்று அத்தை முறை வைத்தே பேசினார் லந்திங். "எங்க ஆத்தங்கரை சனங்க எல்லாம் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் கட்டினோம். பலகை அறுத்து, கூரை போட்டு, பெஞ்சுகூட இருக்கு. டீச்சர் வேணும்னு கேட்டோம்."

"யாரு வந்தாங்க?"

"முதல்ல ஒருத்தர் வந்து தண்ணியக் கொதிக்க வைக்கச் சொல்லிட்டுப் போனாரு. அடுத்த வருசம் இன்னொருத்தர் வந்து, முன்னாடி வந்தவரு சொன்னத செஞ்சீங்களான்னு கேட்டுட்டுப் போனாரு."

"செஞ்சீங்களா?"

"அவரு வர்றதுக்கு முன்னாடியே செஞ்சுகிட்டுத்தான் இருந்தோம் மக்சிக். ஆனா ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காரு. சரி, இனிமே செய்யறோம்னு சொல்லி அனுப்பி வெச்சோம்."

இயக்குநர் தட்டில் இருந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு இருபத்தைந்துக்கு மனம் மாறுகிறவர்கள் என்னைத் தவிர உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் கேட்டா டீச்சரத்தானே அனுப்பணும் துரை?" என்றார் அம்மா, பழம் கேட்டவனுக்குப் புளி கொடுத்த கடைக்காரனிடம் கேட்பது போல. இயக்குநர் தலையை ஆட்டினார். அம்மா லந்திங்கிடம் திரும்பினார். "இவ எங்க தங்குவா?"

லந்திங் கையால் காட்டினார். ஊர் முழுவதும் ஒரே நீளக் கட்டடம், ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், முன்னால் எல்லோருக்கும் பொதுவான தாழ்வாரம்.

அம்மா கையைத் தட்டினார். "அட, நம்ம தோட்டத்து லயம்!"

அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது, லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்தான் நாங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் ஓடிவந்தார்கள். அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது. காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஓடிவந்தார்கள்.

"தனியா பங்களாவுல வெப்போம்னு சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றார் அம்மா. "லயம்னா சரி. இவ இருமினா பக்கத்துக் கதவுக்குக் கேக்கும்." பிறகு என்னைப் பார்க்காமலே வாழைப்பழத்தை எடுத்து உள்ளே சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வீட்டுக்காரம்மாவுக்கு அதன் பொருள் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் குலவையிட்டார்.

ஆகவே நான் போகிறேன், டீச்சராக. கொதிக்க வைக்கும் படம் எதுவும் என் பெட்டியில் இல்லை.

இனி உங்கள் கதை. கிராமத்துப் பெண் வேலை காலியாகத்தான் இருந்தது. இயக்குநர் யாரைக் கேட்டார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நேரில் வந்து கேட்க வைத்தார். போன வாரம் வேலையைத் தொடங்கிவிட்டார். வாரத்தில் இரண்டு மதியம் வருவார், பட்டுச்சேலையில்தான் வருவார், இடியாப்பத்துக்குத் தனியாகக் காசு. ஆகவே திங்கட்கிழமை முதல் உங்களில் மூத்த பயிற்றுநர் என் அம்மா. அவரைச் சீக்கிரம் ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். சொல்லித்தான் பாருங்களேன். முதல் வாரமே இரண்டு தொண்டர்கள் தாங்கள் போகப்போகிற ஊருக்கு எழுதி, 'நான் போகிற இடத்தில் என்னைக் கேட்டது யார்?' என்று விசாரித்திருக்கிறார்கள். தலைமையகத்துக்கு இது பிடிக்கவில்லை. இயக்குநருக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வெளியே சொல்லமாட்டார்.

நேற்று மாலை நான் வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. எங்கள் பின்கட்டுக் கதவு பகலில் சாத்தியிருந்து நான் பார்த்ததே இல்லை. தட்டினேன்.

"யாரு?"

"நான்தாம்மா."

"நான்தான்னா யாரு? எந்த ஊரு?"

பெட்டி கட்டி முடித்த களைப்பு எனக்கு. விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சேலையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"மலாக்காவுலேர்ந்து வர்றேங்க. டீச்சர்."

"யாரு கூப்பிட்டா?"

"இந்த ஆத்தங்கரை சனங்கதான் கூப்பிட்டாங்க."

கதவு திறந்தது. அரக்குப் பட்டுச்சேலை, அட்டியல், மல்லிகைச் சரம். சிரிப்பு மருந்துக்கும் இல்லை. பாயைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார். மூன்று வருடம் அடுத்த அறையிலிருந்து கேட்ட சுகாதாரப் பாடம் பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கிளாஸை வாயில் வைத்து அதை அடைத்தேன். அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அம்மா வெறும் கிளாஸை வாங்கிப் பார்த்தார்.

"கொதிக்க வெச்சதான்னு கேக்கலயே?"

"கேக்க மாட்டேன்."

"குழாய்த் தண்ணிதான்" என்றார் அம்மா. "போயிட்டு வா."